ஹீட் (1995): யார் கையில் எந்தத் துப்பாக்கி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்கேல் மான் இயக்கத்தில் 1995 டிசம்பரில் வெளியான ‘ஹீட்’, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கொள்ளைக் கும்பலையும் அதை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரியையும் பற்றிய படம். பட்டப்பகலில் வங்கி வாசலில் தொடங்கி நடுத்தெருவில் நடக்கும் அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அது அமெரிக்கப் படையின் எம்16 ரைபிள்தானே?” என்பதுதான். இல்லை. ஏன் இல்லை என்பதிலிருந்து, எந்தக் குற்றப்படத்திலும் துப்பாக்கியை இனம் காண்பது எப்படி என்பது வரை கீழே சொல்லியிருக்கிறோம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யாரிடம் எது?

நீல் மெக்காலே (ராபர்ட் டி நீரோ), கிறிஸ் ஷிஹெர்லிஸ் (வால் கில்மர்) இருவரிடமும் எம்16 குடும்பத்தின் குட்டை ரைபிளான கோல்ட் மாடல் 733. மைக்கேல் செரிட்டோவிடம் (டாம் சைஸ்மோர்) இஸ்ரேலின் கலீல். துரத்தி வரும் வின்சென்ட் ஹன்னாவிடம் (அல் பசினோ) பெல்ஜியத்தின் எஃப்என் எஃப்என்சி. இது வங்கிச் சண்டைக் காட்சிக்கான பட்டியல். ஹன்னா வழக்கமாக இடுப்பில் வைத்திருப்பது கோல்ட் ஆபீசர்ஸ் ஏசிபி என்ற குட்டை பிஸ்டல்.

மூன்று நீளத் துப்பாக்கிகளும் மூன்று நாட்டுத் தயாரிப்பு, மூன்று வேறு வடிவமைப்பு. ஆனால் மூன்றும் சுடுவது ஒரே 5.56×45 மி.மீ. தோட்டாவைத்தான். வெடிச்சத்தத்தை மட்டும் வைத்து “இது இன்ன துப்பாக்கி” என்று அடித்துச் சொல்பவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

733-ஐ எம்16 என்றோ எம்4 என்றோ சொன்னால் என்ன தப்பு?

குடும்பம் ஒன்றுதான், ஆள் வேறு. எம்16-இன் குழல் 20 அங்குலம். அதன் குட்டை வடிவமான எம்4-இன் குழல் 14.5 அங்குலம். 733-இன் குழல் 11.5 அங்குலம்தான். கதைக்கும் இதில் வேலை இருக்கிறது. கொள்ளையர்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வங்கிக்குள் நடக்க வேண்டும். துப்பாக்கி கோட்டுக்குள் வாரில் தொங்க வேண்டும். 20 அங்குலக் குழலோடு அது நடக்காது.

திரையில் பிரித்துப் பார்க்க, முன் குறிகாட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழலின் மேல் முக்கோணமாக நிற்கும் அந்தத் துண்டு 733-இலும் எம்4-இலும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆகவே, அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழலைப் பார்த்தால் போதும். 733-இல் வாய்ப்பகுதியையும் சேர்த்து ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான் தெரியும். எம்4-இல் அதைவிடச் சரியாக 3 அங்குலம் அதிகம். அந்த நீட்சியின் நடுவில் கையெறிகுண்டு ஏவியை மாட்டுவதற்காகச் செதுக்கிய ஒடுக்கமும் தெரியும். 733-இல் அந்த ஒடுக்கம் இல்லை.

இன்னொரு பொறி வியட்நாம் காலத்து எக்ஸ்எம்177. அதுவும் குட்டை, அதுவும் இழுத்து நீட்டும் பின்கட்டை (தோளில் அணைக்கும் பகுதி) கொண்டது. ஆனால் அதன் வாயில் சுமார் 4 அங்குல நீளத்துக்குத் தடித்த குழாய் ஒன்று இருக்கும். 733-இல் இருப்பது பறவைக்கூண்டு போலக் கீறல்கள் உள்ள சின்ன மூக்கு. மேலே தூக்குப்பிடி கழற்ற முடியாதபடி உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும். தூக்குப்பிடி கழன்று, மேற்பரப்பில் தட்டையான தண்டவாளம் தெரிந்தால் அது பிந்தைய தலைமுறை.

செரிட்டோ வைத்திருப்பது ஏகே-47 இல்லையா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும், உறவும் இருக்கிறது. கலீலின் உள்ளியக்கம் கலாஷ்னிகோவிலிருந்து (அதாவது ஏகே-யிலிருந்து), பின்லாந்தின் வால்மெட் ரைபிள் வழியாக வந்தது. இஸ்ரேல் அதை 1970-களின் தொடக்கத்தில் படைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் நான்கு இடங்களில் அது ஏகே-யிலிருந்து பிரிகிறது.

முதலாவது, பின் குறிகாட்டி. ஏகே-யில் அது துப்பாக்கியின் நடுவில், உடல் மூடிக்கு முன்னால் இருக்கும். கலீலில் மூடியின் பின்கோடியில், கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். பக்கவாட்டுக் காட்சி ஒன்று கிடைத்தால் இது மட்டுமே போதும். இரண்டாவது, இழுக்கும் கைப்பிடி. ஏகே-யில் அது வலப்பக்கம் கிடையாக நீட்டும். கலீலில் அதே பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கி வளைந்திருக்கும், இடக்கையாலும் இழுக்க வசதியாக. மூன்றாவது, மேகசின், அதாவது தோட்டா அடைத்து மாட்டும் பெட்டி. கலீலின் 5.56 மேகசின் 35 தோட்டா கொள்ளும். அதன் வளைவு ஏகே-யின் வாழைப்பழ வளைவைவிடக் குறைவு. நான்காவது, வலப்பக்கம் மடங்கும் குழாய்ப் பின்கட்டை.

கலீலுக்குள்ளேயே உட்பிரிவு பார்க்க வேண்டுமென்றால்: இரட்டைக்கால் தாங்கியும் தூக்குப்பிடியும் இருந்தால் ஏஆர்எம், இரண்டும் இல்லாமல் முழு நீளக் குழல் இருந்தால் ஏஆர், குழலும் குறுகியிருந்தால் எஸ்ஏஆர். ஆனால் தாங்கியைக் கழற்றிவிட்டுப் படம் பிடிப்பது வழக்கம்தான். அதனால் “தாங்கி இல்லை, ஆகவே ஏஆர்எம் இல்லை” என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஹன்னாவின் ரைபிளை யாருமே சரியாகச் சொல்வதில்லையே?

எஃப்என்சி திரையில் அரிதாக வரும் துப்பாக்கி. எஃப்என் என்றவுடன் பலர் எஃப்ஏஎல் என்று எழுதிவிடுகிறார்கள். எஃப்ஏஎல் 7.62 மி.மீ. தோட்டா சுடும் நீண்ட, கனமான ஆயுதம். அதன் மேகசின் அகலமாக, கிட்டத்தட்ட நேராக இருக்கும். எஃப்என்சி-யில் மாட்டுவது எம்16 வகை மெல்லிய வளைவு மேகசின். இழுக்கும் கைப்பிடி வலப்பக்கம், அது ஓடும் நீளப் பிளவோடு தெரியும். பின்கட்டை எலும்புக்கூடு போன்ற குழாய்ச் சட்டம். ஸ்வீடனின் ஏகே5, இந்தோனேசியாவின் எஸ்எஸ்1 இரண்டும் இதன் வழிவந்தவை. வேறு படங்களில் அவற்றைப் பார்த்து எஃப்என்சி என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு.

செரிட்டோ குழந்தையைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு ஓடும் இடத்தில், ஹன்னா நின்று நிதானித்துக் குறி வைப்பதைக் கவனியுங்கள். துப்பாக்கியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் நன்றாகத் தெரிவது அங்கேதான். சட்டகம் (படத்தை நிறுத்தி எடுக்கும் ஒற்றை பிரேம்) எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஹன்னாவின் பிஸ்டல் 1911-தானா?

1911 என்ற பழைய கோல்ட் பிஸ்டல் வடிவத்தின் குடும்பம்தான். அந்தக் குடும்பத்தின் கோல்ட் பிஸ்டல்களுக்கு மூன்று அளவுகள் உண்டு: கவர்ன்மென்ட் 5 அங்குலக் குழல், கமாண்டர் 4.25, ஆபீசர்ஸ் 3.5. ஆபீசர்ஸில் கைப்பிடியும் குறுகியது. மேகசின் 6 தோட்டா, முழு அளவு 1911-இல் 7. அளவு நாடா இல்லாமல் பார்க்க ஒரு வழி: விசையைச் சுற்றியுள்ள விசைக்காப்பு வளையத்தின் முன்விளிம்பிலிருந்து குழல் வாய் வரை உள்ள நீளத்தை, அந்த வளையத்தின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். வளையம் மூன்று அளவிலும் ஏறக்குறைய ஒன்றே. முன்னால் உள்ள மூக்கு மட்டும்தான் மாறும். தந்த நிறக் கைப்பிடித் தகடுகள் ஹன்னாவின் பிஸ்டலுக்கு அடையாளம். ஆனால் தகடு இரண்டு திருகில் கழலும் பொருள். அதை வைத்து மாடலைத் தீர்மானிப்பது, சட்டையை வைத்து ஆளைத் தீர்மானிப்பது போலத்தான்.

ஒரே படத்துக்கு இரண்டு பேர் இரண்டு பட்டியல் போடுகிறார்கள். எது சரி?

பல நேரம் இரண்டுமே சரியாக இருக்கும். அவர்கள் பதில் சொல்லும் கேள்விதான் வேறு. கதை எந்தத் துப்பாக்கி என்று சொல்கிறது என்பது ஒன்று. திரையில் எதைப் போலத் தெரிகிறது என்பது இன்னொன்று. நடிகர் கையில் உண்மையில் இருந்தது எது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்து எழுதாத பட்டியலை நம்ப வேண்டாம்.

1988-இல் வந்த ‘டை ஹார்ட்’ நல்ல எடுத்துக்காட்டு. கட்டடத்தைப் பிடிக்கும் கும்பல் கையில் எம்பி5 என்ற சிறு தானியங்கித் துப்பாக்கி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். படப்பிடிப்பில் இருந்தது, அமெரிக்கச் சந்தையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட எச்கே94-ஐக் குழல் வெட்டி மாற்றியமைத்த வடிவம். மூல எச்கே94-க்குக் குழல் 16 அங்குலத்துக்கும் மேல். எம்பி5-க்கு 9 அங்குலம்கூட இல்லை. வெட்டிய பிறகு இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் காட்டிக்கொடுக்கும் இடங்கள் இரண்டு: எம்பி5-இன் குழல் வாயைச் சுற்றி மூன்று சிறு புடைப்புகள் இருக்கும், வெட்டியதில் இருக்காது, எம்பி5-இல் மேகசினுக்குப் பின்னால், விசைக்காப்புக்கு முன்னால் தட்டை நெம்புகோல் ஒன்று தொங்கும், எச்கே94-இல் அது கிடையாது, வலப்பக்கப் பொத்தான் மட்டும்தான்.

வசனம் இன்னும் மோசமான சாட்சி. 1990-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் ‘கிளாக் 7’ என்று ஒன்றைச் சொல்வார்கள்: ஜெர்மன் தயாரிப்பு, பீங்கான், விமான நிலையச் சோதனையில் மாட்டாது. அப்படி ஒரு மாடலே கிடையாது. கிளாக் ஆஸ்திரிய நிறுவனம். அதன் பிஸ்டல்களில் மேல்சறுக்கியும் (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேல்பாகம்) குழலும் எஃகு.

1911 போலவே இருக்கிறது, ஆனால் ஏதோ உறுத்துகிறது. என்ன அது?

பெரும்பாலும் ஸ்பெயினின் ஸ்டார் மாடல் பி. பழைய படங்களில் 1911-க்குப் பதிலாக இது நிறைய வந்திருக்கிறது. 1911-க்கான .45 அளவு வெற்றுத் தோட்டா (குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ளது) அந்தக் காலத்தில் சிக்கிக்கொள்ளும், 9 மி.மீ. வெற்றுத் தோட்டா ஒழுங்காக ஓடும். ஸ்டார் 9 மி.மீ., வடிவமோ 1911. கலை இயக்குநருக்கு வேறென்ன வேண்டும்?

கண்டுபிடிக்க, கைப்பிடியின் பின்புறத்தைப் பாருங்கள். 1911-இல் உள்ளங்கை அழுத்தும் தனி நெம்புத் துண்டு இருக்கும். ஸ்டார் பி-யில் அந்த இடம் ஒரே வழவழப்பு. அடுத்து, வலப்பக்கம் காலித் தோட்டா ஓடு வெளியேறும் வாயிலுக்குப் பின்னால் மேல்சறுக்கியில் நீளமான கொக்கி வெளியே தெரிந்தால் ஸ்டார். பழைய கோல்ட் 1911-இல் அந்தக் கொக்கி உள்ளே மறைந்திருக்கும். 1994-இன் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில் ஒன்றாக வரும் இரண்டு அடியாட்களில் வின்சென்ட் வைத்திருப்பது 1911, ஜூல்ஸ் வைத்திருப்பது ஸ்டார் பி. இரண்டும் பளபள மேற்பூச்சு என்பதால் ஜோடி என்று நினைத்துவிடுகிறோம். பழகிக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பிஸ்டல், ரிவால்வர் இரண்டும் ஒன்றுதானே?

செய்தித்தாள்களும் மொழிமாற்ற வசனங்களும் இரண்டையும் ‘கைத்துப்பாக்கி’ என்றே எழுதுகின்றன, குழப்பம் அங்கிருந்துதான். சுழலும் உருளைக்குள் தோட்டா இருந்தால் ரிவால்வர். கைப்பிடிக்குள் மேகசின் நுழைந்தால் பிஸ்டல். ரிவால்வர் சுட்டால் காலி ஓடு வெளியே பறக்காது, உருளைக்குள்ளேயே இருக்கும். ரிவால்வரைக் காட்டிவிட்டு அடுத்த சட்டகத்தில் தரையில் ஓடுகள் உருளுவதைக் காட்டினால், அது படத்தொகுப்பில் நேர்ந்த பிழை.

ரிவால்வரில் கோல்ட் எது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எது?

கறுப்புவெள்ளைக் குற்றப்படங்களில் தொடங்கி எழுபதுகளின் போலீஸ் படங்கள் வரை பாதிக் கேள்விகள் இதில்தான் வந்து நிற்கின்றன. உருளைக்கு அடியில், குழலுக்குக் கீழே நீட்டும் மெல்லிய கம்பியைப் பாருங்கள். காலி ஓடுகளைத் தள்ளும் கம்பி அது. அதன் நுனி குழலின் அடியில் உள்ள ஒரு குமிழில் போய்ப் பூட்டிக்கொண்டால் ஸ்மித். பிடிமானமில்லாமல் அந்தரத்தில் நின்றால் பெரும்பாலும் கோல்ட். சில குட்டைக் குழல் ஸ்மித்களில் குமிழ் இருக்காது, கம்பியும் அந்தரத்தில்தான் நிற்கும். அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது இடப்பக்கத் தாழ்ப்பாள். கோல்ட்டில் பின்னால் இழுத்தால் உருளை திறக்கும், ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும். நடிகரின் கட்டைவிரல் எந்தப் பக்கம் போகிறது என்பதே விடை சொல்லிவிடும். இன்னொன்றும் உண்டு: சுடுபவரின் பார்வையிலிருந்து கோல்ட்டின் உருளை கடிகாரச் சுற்றில் திரும்பும், ஸ்மித்தின் உருளை எதிர்ச்சுற்றில்.

குட்டை மூக்கு ரிவால்வரென்றால் உருளையின் அறைகளை எண்ணுங்கள். ஸ்மித்தின் மாடல் 36 ஐந்து தோட்டா, கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் ஆறு. முன்பக்கத்திலிருந்து வரும் அண்மைக்காட்சியில் தோட்டா முனைகள் தெரியும். ஆனால் குழலுக்கு நேரே உள்ளது மறைந்திருக்கும். அதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பெரெட்டா 92-ஐயும் டாரஸையும் எப்படிப் பிரிப்பது?

இரண்டிலும் மேல்சறுக்கியின் உச்சி திறந்து, குழல் வெளியே தெரியும். பாதுகாப்புப் பூட்டு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்: மேல்சறுக்கியின் பின்பகுதியில் இருந்தால் பெரெட்டா 92எஃப் அல்லது 92எஃப்எஸ், கீழ்ச்சட்டத்தில், கட்டைவிரல் ஓய்வெடுக்கும் இடத்தில் இருந்தால் டாரஸ் பிடி92. 92எஃப்-க்கும் 92எஃப்எஸ்-க்கும் வித்தியாசம் ஓர் ஆணித்தலை. மேல்சறுக்கி உடைந்தால் அது பின்னால் பறந்து சுடுபவர் முகத்தில் அடிக்காதபடி, எஃப்எஸ்-இல் சுத்தியல் ஆணியின் இடப்பக்கத் தலையைப் பெரிதாக்கினார்கள். அது தெரிகிற அளவுக்குச் சட்டகம் கூர்மையாக இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ‘92 வகை’ என்று விட்டுவிடலாம்.

கிளாக் எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கிறது?

தலைமுறையைப் பிடித்தால் ஆண்டைப் பிடிக்கலாம். முதல் தலைமுறையின் கைப்பிடி மணல் தூவியது போலச் சீராக இருக்கும். இரண்டாவதில் கைப்பிடியின் முன்னும் பின்னும் சதுரக்கட்டக் கீறல். மூன்றாவதில் விரல் பள்ளங்கள் வந்தன, கூடவே குழலுக்கு அடியில் விளக்கு மாட்டும் தண்டவாளம். நான்காவது 2010-இல், ஐந்தாவது 2017-இல். ஐந்தாவதில் விரல் பள்ளங்கள் மறுபடி போய்விட்டன. எண்பதுகளின் கதையில் விரல் பள்ளமுள்ள கிளாக் வந்தால் காலப்பிழை.

கிளாக்கில் வெளியே தெரியும் சுத்தியல் இல்லை, கட்டைவிரலால் தட்டும் பூட்டும் இல்லை. மிரட்டும் காட்சியில் ‘கிளிக்’ என்று சுத்தியல் ஏறும் ஒலி கேட்டால் அது ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்தது.

சட்டகம் எடுத்துப் பார்ப்பதற்கு ஒழுங்குமுறை உண்டா?

உண்டு. சுடும் நொடியை விடுங்கள். தீப்பிழம்பும் அசைவும் எல்லாவற்றையும் அழித்துவிடும். துப்பாக்கி மேசையில் கிடக்கும், உறையிலிருந்து வெளியே வரும், மேகசின் மாற்றும் நொடிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முடிந்தால் பின்புறம் ஒன்று எடுங்கள்.

படம் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பப்பட்டதா என்று முதலில் சோதியுங்கள். படத்தொகுப்பில் பார்வைத் திசைக்காகக் காட்சியைத் திருப்பிப் போடுவது உண்டு. ஓடு வெளியேறும் வாயில் பெரும்பாலான துப்பாக்கிகளில் வலப்பக்கம். இடப்பக்கம் தெரிந்தால், பின்னணியில் உள்ள எழுத்தையும் சட்டைப் பொத்தான் வரிசையையும் பாருங்கள்.

நீளத்தை அங்குலக் கணக்கில் ஊகிக்காதீர்கள். அகலக்கோண லென்ஸ் குழல் வாயைப் பூதாகரமாக்கும், தூரலென்ஸ் எல்லாவற்றையும் அமுக்கும். ஒரே தளத்தில் உள்ள இரண்டு பாகங்களின் விகிதத்தைக் கணக்கிடுங்கள்: கைப்பிடி உயரத்துக்கு மேல்சறுக்கியின் நீளம் எவ்வளவு, மேகசின் அகலத்துக்கு முன்கட்டை எவ்வளவு என்று. துப்பாக்கி கேமராவுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போது மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.

கடைசியாக, வேறு காட்சிகளோடு ஒத்துப் பாருங்கள். ஒரே பாத்திரம் ஒரே சண்டையில் இரண்டு துப்பாக்கி மாறுவது சர்வசாதாரணம்: அண்மைக்காட்சிக்கு நிஜம், ஓட்டத்துக்கும் விழுவதற்கும் ரப்பர்.

ரப்பர், ஏர்சாஃப்ட், நிஜம்: கண்ணால் தெரியுமா?

ரப்பரில் விசை காப்பு வளையத்தோடு ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும், குழல் வாயில் ஆழம் இருக்காது, விழும்போது லேசாக வளையும். ஏர்சாஃப்டில் (சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) பெரிய வாய்க்குள் சற்று உள்ளே தள்ளி 6 மி.மீ. குண்டுக்கான இன்னொரு சிறு குழாய் தெரியும். பிளாஸ்டிக் உடலானால் நடுவில் வார்ப்புக்கோடு ஓடும். வெற்றுத் தோட்டா மட்டும் சுடும் துப்பாக்கிகளில் குழலுக்குள் அடைப்பு தெரியும். சுட்டும் மேல்சறுக்கி நகரவில்லை, ஓடும் பறக்கவில்லை, தீப்பிழம்பு மட்டும் வருகிறது என்றால் அது கணினியில் சேர்த்த நெருப்பு.

வெற்றுத் தோட்டா என்றால் ஆபத்தில்லையா? ‘ஹீட்’ சத்தம் ஏன் அப்படி அடிக்கிறது?

வெற்றுத் தோட்டாவில் குண்டு கிடையாது, மருந்து மட்டும். ஓட்டின் வாய் பூப்போல மடித்திருக்கும். குண்டு இல்லாததால் குழலில் அழுத்தம் ஏறாது, அழுத்தம் ஏறாவிட்டால் தானியங்கித் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாது. அதனால் குழல் வாயின் உட்புறத்தில் துளையைச் சுருக்கும் அடைப்பானைக் கேமராவுக்குத் தெரியாமல் பொருத்துவார்கள். ரிவால்வருக்கு இது தேவையில்லை. கையின் பலத்தில் சுழல்கிறதே.

ஆபத்து நிறையவே உண்டு. 1993-இல் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் நடிகர் பிராண்டன் லீ இறந்தது இப்படித்தான்: அண்மைக்காட்சிக்காக வைத்த சரியாகச் செய்யாத டம்மித் தோட்டாவிலிருந்து குண்டு மட்டும் ரிவால்வரின் குழலுக்குள் புகுந்து நின்றுவிட்டது. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டபோது, அந்த மருந்து உள்ளே நின்ற குண்டைத் தள்ளிவிட்டது. ஒழுங்கான டம்மியில் ஓட்டின் பக்கத்தில் துளை இருக்கும், அல்லது உள்ளே சிறு உலோகமணி போட்டிருப்பார்கள். காதருகே ஆட்டினால் கலகலக்கும்.

‘ஹீட்’ படத்தின் தெருச்சண்டை, லாஸ் ஏஞ்சலஸ் மையப்பகுதியில் உயரக் கட்டடங்களுக்கு நடுவே எடுக்கப்பட்டது. கூடத்தில் சேர்த்த வெடிச்சத்தத்துக்குப் பதில், படப்பிடிப்பிலேயே பதிவான ஒலியைத்தான் மான் பெரும்பாலும் வைத்துக்கொண்டார். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் அந்த எதிரொலி கூடத்தில் கிடைப்பதில்லை. நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் பிரிட்டிஷ் சிறப்புப் படையின் முன்னாள் வீரர் ஆண்டி மெக்நாப் ஒருவர். ஒருவர் சுட, மற்றவர் பின்வாங்கி நகரும் அந்த முறை அங்கிருந்து வந்ததுதான்.

எத்தனை குண்டு சுட்டார் என்று எண்ணுவது பயனுள்ளதா?

இனம் காண்பதற்கு ஓரளவு பயன்படும். ஆறுக்கு மேல் சுட்டால் சாதாரண ஆறு அறை ரிவால்வர் இல்லை. முழு அளவு 1911 என்றால் மேகசினில் ஏழும், குழலின் பின்னால் உள்ள அறையில் ஒன்றும். பெரெட்டா 92 பதினைந்தும் ஒன்றும். கிளாக் 17 பதினேழும் ஒன்றும்.

தானியங்கியில் கணக்கு வேறு. 733 வகை நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 900 வரை சுடும். விசையை விடாமல் பிடித்தால் 30 தோட்டா மேகசின் 2 முதல் 2½ விநாடியில் காலி. பல படங்களில் ஒரே மேகசினில் அரை நிமிடம் பொழிவார்கள். ‘ஹீட்’ அந்த வகையில் நேர்மையான படம்: சுடுவது சிறு சிறு சரமாக, கிறிஸ் மேகசின் மாற்றுவதும் வெட்டாமல் திரையிலேயே. ஆனாலும் எண்ணும்போது கவனம் தேவை. கேமரா மாறும் ஒவ்வொரு வெட்டிலும் நேரம் நீளவோ குறுகவோ செய்திருக்கும். ஒரே வெட்டுக்குள் வருவதை மட்டும் எண்ணுங்கள்.

காலப்பிழையை எப்படிப் பிடிப்பது?

கதையின் ஆண்டையும் மாடல் சந்தைக்கு வந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ கதை 1980-இல் நடக்கிறது. கொலையாளி சிகர் தூக்கிக்கொண்டு திரியும் சைலன்சர் மாட்டிய ஷாட்கன் ரெமிங்டன் 11-87. பெயரிலேயே இருக்கிறது, அது 1987-இல் வந்தது. இதனால் படம் மட்டமாகிவிடவில்லை. அந்தத் தடித்த கறுப்புக் குழாய் தரும் கிலி வேறு எதிலும் வராது. பட்டியலில் மட்டும் பிழை என்று குறிக்க வேண்டும்.

ரிவால்வரில் சைலன்சர் மாட்டுகிறார்களே, நடக்குமா?

மாட்டலாம், பயன் இருக்காது. உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. சத்தமும் வாயுவும் அந்த வழியாகவே தப்பிவிடும். விதிவிலக்கு ரஷ்யாவின் நாகான் 1895: சுத்தியல் ஏறும்போது அதன் உருளை முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். படத்தில் அந்த ஏழு தோட்டா ரிவால்வரைப் பார்த்தால் பிழை என்று எழுத அவசரப்படாதீர்கள்.

மாடல் உறுதியாகத் தெரியாவிட்டால் என்ன எழுதுவது?

தெரிந்த மட்டத்தில் நிறுத்துங்கள். ‘1911 வகை, முழு அளவு, வெளிக்கொக்கி தெரியவில்லை’ என்ற குறிப்பு பிறகு வருபவருக்கு உதவும். ‘கோல்ட் 1911ஏ1’ என்று ஊகத்தில் எழுதினால் அது பத்து இடங்களில் நகலாகி உண்மையாகிவிடும். எந்தச் சட்டகத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதை மணி, நிமிடம், விநாடியோடு குறியுங்கள். திரையரங்கப் பதிப்பா, இயக்குநர் பதிப்பா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டிலும் நேரம் ஒத்துப்போகாது.